தவளைக் குளத்தில் ஒரு தலைமையுரை

மேடைப் பேச்சாளனிடம் எந்தப் பொறுப்பை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். அமைதியாக இருக்கும் பொறுப்பை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் துறை இந்த உண்மையை என் வழியாகத்தான் கண்டறிந்தது. (அத்துறைக்கு நான் செய்த ஒரே ஆய்வுப் பங்களிப்பும் அதுவே.)

என் இறுதியாண்டு ஆய்வு, தவளைகளின் குரல் பற்றியது. ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டத்துக் குளக்கரையில், மழை விட்ட மாலைப்பொழுதில் அரை மணி நேரம் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பதிவு கெட்டால் பட்டம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். உடன் வந்த வகுப்புத் தோழன் சுரேன் கருவியைக் கரையில் பொருத்தினான்.

"மச்சான், பட்டன அமுக்கியாச்சு. நீ சும்மா உக்காந்திரு, போதும். நான் டவுனுக்குப் போயி சாப்பிட நாசி லெமாக் பொட்டலம் தாப்பாவ் பண்ணிட்டு வாரேன்."

"சும்மா இருக்கறதெல்லாம் ஒரு வேலையாடா?"

"ஒனக்கு அதான்லா பெரிய வேல."

தவளைகள் தொடங்கின. சற்று நேரம் பொறுத்தேன். ஆனால் மறுநாள் பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்று. எதிரிலோ வரிசை பிசகாமல் நிற்கும் ரப்பர்ப் பால்மரங்கள். அத்தனை ஒழுங்கான அவையை ஈப்போ மண்டபங்களில்கூட நான் கண்டதில்லை. கருவிக்குக் கேட்காத தொலைவுக்கு நகர்ந்த பிறகே ஒத்திகையைத் தொடங்கினேன். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுசேர்க்கப் பல ஆண்டுகள் பயின்றவன் நான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் போட்டியில் கோப்பை கிடைத்தது. அந்தத் தெம்பில், துறைக் கருத்தரங்குக்கான முன்னுரையை நாள்கணக்கில் செதுக்கினேன். ஒலிப்பதிவின் தொடக்கத்தை மட்டும் கேட்டுப் பார்த்தேன். கொர்ர்... கொர்ர்... அருமை!

கருத்தரங்கில் முன்னுரையை முடித்து, கையை உயர்த்தி, மலாயில் முழங்கினேன்: "இனி, தவளைகளே பேசட்டும்!"

பேசின. சிறிது நேரந்தான். பிறகு ஒலிபெருக்கியில் என் குரல் இடியாக இறங்கியது: "அவையோரே! இயற்கையின் குரலைக் கேட்க நமக்குப் பொறுமை இருக்கிறதா?"

அதற்குமேல் ஒரு தவளையும் வாய் திறக்கவில்லை. நிறுத்தப் போன பதற்றத்தில் ஒலியைக் கூட்டிவிட்டேன். முன்வரிசையிலிருந்த மலாய்ப் பேராசிரியர், "இது எந்த இனம்?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

என் ஆய்வு மேற்பார்வையாளர் டாக்டர் ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரிய இனம். இது வாயைத் திறந்தால் மற்றவை அடங்கிவிடும்" என்று அவருக்கு மலாயிலேயே விளக்கினார். சுரேன் சாப்பாடு வாங்கப் போனதைக் களக் குறிப்பில் படித்திருந்தவர், பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில்: "அடுத்த செமஸ்டர் மறுபடி பதிவு பண்ணுங்க தம்பி. அங்க சுரேன் உக்காரட்டும். நீங்க போயி நாசி லெமாக் வாங்குங்க."

பட்டம் ஒரு பருவம் தாமதமாக வந்தது. கதை அதற்கு முன்பே தைப்பிங் ஊரிலுள்ள அத்தை வீடுவரை போய்ச் சேர்ந்திருந்தது. (சுரேன் வாழ்க!) சென்ற மாதம் அக்காவின் நிச்சயதார்த்தத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, "பெரியோர்களே..." என்றேன். மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒரு "கொர்ர்". அக்காதான். அடுத்த நொடி மண்டபமே மழைக்காலக் குளமாயிற்று. அப்பாகூடச் சேர்ந்துகொண்டார்.

உட்கார்ந்துவிட்டேன். இதுவரை குறுக்கிடாமல் என் உரையை முழுதாகக் கேட்ட அவை, அந்த ரப்பர்த் தோட்டத்துக் குளம் ஒன்றுதான்.