விழுவதையே வேலையாகப் பார்த்தவர்

எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் ஏணியிலிருந்து விழுந்தவர்கள் உண்டு, லாரியிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. ஆனால் விழுவதையே உத்தியோகமாகப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கேட் செக்யூரிட்டி ஜாக்கி. சொந்தப் பெயர் கணக்குப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

இளமையில் ரேஸ் குதிரை ஓட்டியவர். ஆள் அரை ஆள், தொப்பி மட்டும் முழு சைஸ். உடம்பில் உடையாத எலும்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதை உடைத்த குதிரையின் பெயரையே வைத்திருந்தார். மழைக்காலத்தில் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு ராணி ரொம்ப பேஜாரு பண்றா தம்பி" என்பார். புதிதாக வந்த மேனேஜர், ராணி அவருடைய சம்சாரம் என்று நினைத்து, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார்.

பாதுகாப்பு வார விழாவில் அதிகாரி ஒருவர், விழாமல் இருப்பது எப்படி என்று நெடுநேரம் பேசினார். நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். ஜாக்கி எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"வுழாம இருக்க முடியாதுபா. வுழுந்தா கைய ஊனாத. பந்து மாதிரி சுருண்டுக்கோ. பின்னால வர்ற குதிரைங்க போற வரிக்கும் அசையாத."

சொன்னதோடு நில்லாமல் மேடையிலிருந்து குட்டிக்கரணம் போட்டு இறங்கினார். கையிலிருந்த டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று கேன்டீன்காரர் இன்றும் சத்தியம் செய்கிறார்.

இன்னொரு வித்தையும் சொல்வார். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

"தலைல அடிபட்டா டாக்டர் ஓடியாந்து, பேரு இன்னா, இன்னிக்கு இன்னா கெயமைனு கேப்பாரு. முழிச்சா அவ்ளோதான், குதிரை ஏற உடமாட்டாங்க. பொழப்பு போச்சு. அதான் பதில மனப்பாடம் பண்ணிக்கினுதான் ஏறுவோம். தல கிர்ருனு சுத்தும், வாயி மட்டும் கரீட்டா சொல்லும்."

போன ஐப்பசி மழையில், வெளியே போகும் லாரியின் மேல் ஏறி லோடு பார்த்த ஜாக்கி வழுக்கி விழுந்தார். சுருண்டுகொள்ள இடமில்லை. தலை கம்பிக்கட்டில் மோதியது. நாங்கள் ஓடுவதற்குள் எழுந்து நின்றுவிட்டார். முதலுதவி நர்ஸ் வாயைத் திறக்கும் முன்பே பெயர், ஊர், செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"அண்ணே, எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்ணே" என்றேன்.

"சும்மா கெட தம்பி. தலைல அடின்னு எழுதிட்டா, இந்த வயசுல எவன் வேல குடுப்பான்? ஒண்ணும் ஆவல."

ஷிப்ட் முடியும்வரை கேட்டில் நின்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் வைத்தார்.

ஷிப்ட் முடிந்து இருவரும் ஒன்றாக ரயிலேறினோம். அவர் இறங்க வேண்டியது அடுத்த ஸ்டேஷன், கவரைப்பேட்டை. ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் திடீரென்று என் கையைப் பிடித்தார். பேச்சு குழறியது.

"தம்பி, நான் வுழுந்தேனே... குதிரைக்கு ஒண்ணும் அடிபடலியே?"



"இல்லண்ணே. நல்லா கீதுண்ணே."

"அப்பாடா" என்று என் தோளில் சாய்ந்தார். கவரைப்பேட்டையில் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கனம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கவே இல்லை. மறுநாள் போய்விட்டார். அந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்த பிழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது கேட்டில் ஆறடி ஆள் ஒருவர் நிற்கிறார். நல்ல மனிதர், பொறுப்பானவர். எனக்குத்தான் கேட் காலியாகத் தெரிகிறது.