பத்மநாதனின் ராச்சியமும் வேலாயியின் குழாயும்

ஊவா மாகாணத்து மக்களுக்கு முறைப்பாடுகள் இருக்கின்றன என்ற அதிர்ச்சியான தகவல் ஒருநாள் அரசாங்கத்தின் காதுக்கு எட்டியது. உடனே பதுளையில் ஒரு மாடிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, முறைப்பாட்டு நிவாரணப் பணிமனை என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். அதன் பிறகு மக்களுக்கு ஒரு முறைப்பாடு கூடியது. மாடிப்படி மிகவும் செங்குத்தாக இருந்தது.

அந்தப் பணிமனையின் பிரதம இலிகிதர் பத்மநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், மலைக்குளிருக்குக் கழுத்தில் மஃப்ளர் சுற்றியவர், மூன்று மொழியிலும் பிழையில்லாமல் கடிதம் எழுதக் கூடியவர். தன் சேவைக்காலத்தில் ஒரு முறைப்பாட்டைக் கூட அவர் நிராகரித்ததில்லை. அது அவருடைய பெருமை. நிராகரித்தால் அந்த ஆள் கோபத்தோடு மேலிடத்துக்குப் போய்விடுவான். திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் இங்கேதான் வருவான். இந்த நுட்பம் தெரியாமல்தான் பல அதிகாரிகள் கெட்டுப் போனார்கள் என்று அவர் சொல்வார்.

கீழ்மலைத் தோட்டத்து வேலாயி அவரிடம் அப்படித்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தாள். தெமோதரைப் பக்கம் உள்ள தேயிலைத் தோட்டம் அது; தொழிலாளர்கள் லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். பஸ்ஸைப் பிடித்து வந்து, படியேறி, வாங்கு என்கிற நீளப் பலகையில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகுதான் அவளால் பேச முடியும்.

"ஐயா, எங்க லயத்துக்கு வர்ற தண்ணிக் குழா ஒடைஞ்சு கெடக்குங்க. தோட்டத் தொரைகிட்ட சொன்னோம், சங்கத் தலைவர்கிட்ட சொன்னோம். மருமவ கலாராணி வவுத்துப் புள்ளக்காரி. கொடத்தத் தூக்கிக்கிட்டு பள்ளத்து ஊத்துப் பீலிக்கு எறங்கி ஏறுறா."

"முகவரி எழுதேல்லையே அம்மா."

"எழுதியிருக்குங்களே. கீழ்மலைத் தோட்டம், பழைய லயம்."

"லயம் எண்டுறது முகவரி இல்லை. வீட்டு இலக்கம் வேணும், வீதிப் பெயர் வேணும். இல்லாட்டி நீங்கள் அங்க இருக்கிறியள் எண்டு கிராம சேவகர் உறுதிப்படுத்தின கடிதம் வேணும்."

"கிராம சேவகர், லயம் கம்பெனி நெலத்துல இருக்கு, எழுத முடியாதுங்கிறாருங்க."

"அப்ப, அவர் அப்பிடிச் சொன்னவர் எண்டு அவரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

வேலாயி மனுவை மடித்து மடியில் செருகிக்கொண்டு இறங்கிப் போவாள். பத்மநாதன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதற்குள் அவளை மறந்து போவார். மறதி இல்லாவிட்டால் அந்தக் கதிரையில் ஒரு மாதம் உட்கார முடியாது.

2008ஆம் ஆண்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் 'மின்' என்று சேர்ப்பது நாகரிகமாக இருந்தது. மின்-ஆளுகை வந்தது, மின்-சேவை வந்தது. பணிமனைக்கும் மின்-முறைப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஒரு கொம்பியூட்டர் வந்தது. அதற்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, ரிபன் வெட்டி, வந்திருந்த பிரமுகர் தன் விரலால் ஒரு தட்டுத் தட்டித் திறந்து வைத்தார். அவர் தட்டியது எந்தப் பட்டன் என்று தெரியவில்லை. அதை மறுபடி இயக்க ஆள் வர ஒரு வாரம் பிடித்தது. வந்த ஆள் இணைப்பைச் சரிபார்த்துவிட்டு, பொழுதுபோகாவிட்டால் இதைப் பாருங்கள் என்று ஒரு விளையாட்டைக் காட்டிவிட்டுப் போனான்.

உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் இன்டர்நெட்டில் சேர்ந்து ஆடுகிற ராச்சிய விளையாட்டு அது. பத்மநாதன் ஒரு குடிசையோடும் ஒரு வயலோடும் தொடங்கினார். அலுவலக நேரத்தில் மட்டும், மிகுந்த ஒழுக்கத்தோடு விளையாடினார். மழைக்காலம் முடிவதற்குள் கோட்டை எழுந்தது, களஞ்சியம் நிறைந்தது, தலைக்கு மேல் ஒரு கிரீடம் வந்து உட்கார்ந்தது. அவருடைய குடிமக்கள் தண்ணீர் கேட்டால் அவர் மௌஸை ஓர் அமுக்கு அமுக்குவார், கிணறு வந்துவிடும். இவ்வளவு கருணையுள்ள அரசன் பதுளையில் ஒளிந்திருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது.

விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் 'பொற்காலம்' என்ற புதிய பாகம் வரப்போகிறது என்று வாரக்கணக்கில் ஆசை காட்டினார்கள். பத்மநாதன் அந்த நாளைத் தவறவிடக் கூடாதென்று, ஊருக்குப் போக எடுத்திருந்த லீவை ரத்துச் செய்தார். பொற்காலம் வந்த அன்று, குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பொற்காலத்தில் அவருடைய கோட்டை இல்லை. களஞ்சியம் இல்லை. எல்லா ராச்சியங்களும் ஒரு சக்கரவர்த்தியின் கீழ் கொண்டுவரப்பட்டுவிட்டனவாம். இனிமேல் அரசர்கள் தங்கள் நிலத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் அரண்மனை வாசலில் வரிசையில் நின்று சக்கரவர்த்தியிடம் விண்ணப்பிக்க வேண்டும். வரிசை திரையின் ஓரம் வரை போய், அதற்கப்பாலும் போனது. வரிசையின் கடைசியில், கிரீடத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு பத்மநாதனுடைய ராசா நின்றார்.

அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

"இதுக்கு ஒரு முறைப்பாடு எழுதத்தான் வேணும்," என்றார்.

பக்கத்து மேசையிலிருந்த எழுதுவினைஞர் சுலோஜனா நிமிர்ந்து பார்த்தாள். "சேர், விளையாட்டு நல்லாயில்லையெண்டால் மூடிப்போட்டு வேற வேலையைப் பாக்கலாம்தானே? முறைப்பாடு எழுதி என்ன பிரயோசனம்?"

அந்தக் கட்டடத்துக்குள் யாரும் சொல்லத் துணியாத வாக்கியத்தை அவள் சொல்லிவிட்டாள்.

"பிள்ளை, முறைப்பாட்டால பிரயோசனம் இல்லையெண்டால், நானும் நீரும் இஞ்ச இருந்து என்ன செய்யிறம்?"

சுலோஜனாவுக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அவளுக்கு இன்னும் பென்ஷன் உறுதியாகவில்லை.

வாங்கில் உட்கார்ந்திருந்த வேலாயி மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, ஐயாவுக்கும் தண்ணி வரலீங்களா?"

"ராச்சியம் கைவிட்டுப் போட்டுதம்மா," என்றார் பத்மநாதன்.

"அடப்பாவமே. யாரு புடுங்கிக்கிட்டாங்க?"

"கம்பெனிக்காரர்."

"கம்பெனின்னா அப்படித்தாங்க," என்று வேலாயி பெருமூச்சு விட்டாள். அவளுக்குத் தோட்டத்துக் கம்பெனி ஒன்றுதான் தெரியும். ஆனாலும் விஷயம் சரியாகப் புரிந்துவிட்டது.

விளையாட்டின் மூலையில், குறைகளை இங்கே தெரிவிக்கவும் என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் நாலு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். சாதாரண மனிதர் அப்படித்தான் செய்வார். ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் உரிய வழியூடாக அல்லாமல் எதையும் அனுப்ப முடியாது. எனவே கடிதத்தின் தலையில் 'பணிப்பாளர் ஊடாக' என்று போட்டார். இழந்த நிலத்தின் விவரம், அரசாண்ட காலம், ஆதாரமாகக் கோட்டையின் படம், அதன் மேல் சமாதான நீதவானின் முத்திரை, எல்லாம் சேர்த்தார். பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர். திறந்தால் வாசிக்க வேண்டி வரும். ஆகவே அவருடைய சிபாரிசும் தடையின்றிக் கிடைத்தது. மிச்சம் இருந்தது கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் மட்டுமே.

கிராம சேவகர் றவூப் வந்தார். ஆள் பற்றாக்குறையால் வேலாயியின் தோட்டப் பிரிவையும் அவர்தான் பதில் கடமையில் பார்த்து வந்தார். திரையைக் கவனமாகப் பார்த்தார்.

"ராச்சியம் எந்தப் பிரிவில வருது, சேர்?"

"அதுதான் பிரச்சினை. அது இன்டர்நெட்டில இருக்கு."

றவூப் தாடியைத் தடவி யோசித்தார். "இன்டர்நெட் இந்தக் கொம்பியூட்டர்ல இருக்கு. கொம்பியூட்டர் இந்த ஒஃபீஸ்ல இருக்கு. ஒஃபீஸ் என்ட பிரிவுல இருக்கு. அப்ப சேர்ட ராச்சியமும் என்ட பிரிவுதான். தாராளமா எழுதலாம்."

மேற்படி நபர் மேற்படி ராச்சியத்தை ஆண்டு வந்தார் என்பதையும், நன்னடத்தை உள்ளவர் என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன் என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"ஐயா, அப்ப நம்ம லயம்?" என்றாள் வேலாயி.

"உம்மா, நான் எத்தனை தரம் சொல்றது? லயம் கம்பெனிட நிலத்துல ஈக்குது. இல்லாத எடத்துக்கு நான் எப்படிக் கடிதம் தாற?"

முறைப்பாடு ஸ்கேன் செய்யப்பட்டு அனுப்பப்பட்டது. பத்மநாதன் ஒவ்வொரு நாளும் பதிலை எதிர்பார்த்தார். தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போய் நிற்கிற, காரணமில்லாமல் வீட்டில் எரிந்து விழுகிற, மனுப்போட்ட மனிதர்களுக்குரிய எல்லா அறிகுறிகளும் அவருக்கு வந்தன. கம்பெனியின் பதில் கொம்பியூட்டரில்தான் வரும் என்பது தெரிந்தும் தபால்காரனைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

கடைசியில் பதில் வந்தது. தங்கள் முறைப்பாடு கிடைக்கப்பெற்றதாகவும், அது கம்பெனிக்கு மிக முக்கியமானதென்றும், உரிய காலத்தில் உரிய கவனம் செலுத்தப்படுமென்றும் அதில் இருந்தது. பத்மநாதன் அதை இரண்டு தரம் வாசித்தார். எழுதியவனைத் தன் பணிமனைக்கு மாற்றலில் எடுக்க முடியாதா என்று ஒரு கணம் ஏங்கினார். கீழே இன்னும் இருந்தது. விளையாட்டுப் பிடிக்காதவர்கள் பேசாமல் போய்விடுகிறார்கள். முறைப்பாடு செய்கிறவர்கள்தான் போகாமல் நம்மோடு இருக்கிறார்கள். ஆகவே அவர்களை இழக்கக் கூடாது. இத்தகைய விசுவாசத்தைக் கௌரவிக்கும் முகமாகத் தங்களுக்கு ஒரு விருது அளிக்கப்படுகிறது.

பத்மநாதன் விளையாட்டைத் திறந்தார். அவருடைய ராசா அதே வரிசையில், அதே இடத்தில்தான் நின்றார். ஆனால் தோளில் தங்க நிறத்தில் ஒரு போர்வை மினுங்கியது. வரிசையில் முன்னும் பின்னும் நின்ற ராசாக்களுக்கு அது இல்லை.

"பாத்தீரா பிள்ளை," என்றார் சுலோஜனாவிடம். "முறைப்பாட்டால பிரயோசனம் இல்லையெண்டீர்."

"ராச்சியம் கிடைச்சுதா, சேர்?"

"அது பிறகு. மரியாதை கிடைச்சுதல்லோ."

அப்போதுதான் வேலாயி படியேறி வந்தாள். இந்தத் தடவை அவள் வாங்கில் உட்காரவில்லை. "ஐயா, கலாராணி கொடத்தோட வழுக்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. புள்ளைக்கு ஒண்ணும் இல்லேன்னு டாக்குத்தரு சொல்றாரு. அடுத்த தடவ விழுந்தா என்ன சொல்வாரோ தெரியல. கடிதம் கிடிதம் இனி என்னால கொண்டார முடியாது. ஏதாச்சும் செய்யிறீங்களா, இல்லையா?"

பத்மநாதன் அவளை முதல்தடவையாக நன்றாகப் பார்த்தார். இத்தனை காலம் போகாமல், சளைக்காமல், தன்னிடமே வந்துகொண்டிருந்த விசுவாசி. அவருடைய மனம் இளகியது. உடனடியாக நடவடிக்கை எடுத்தார்.

அடுத்த கிழமையே நகர மண்டபத்தில் விழா நடந்தது. மங்கள விளக்கு ஏற்றி, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடித்து, ஊவா மாகாணத்தின் முதலாவது சிறந்த முறைப்பாட்டாளர் என்று அறிவித்து, பணிப்பாளரின் கையால் வேலாயிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோக்காரர் நிமிரச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். மண்டபத்தின் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதே என்று அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரிப்பு சரியாக வரவில்லை.

வேலாயி பொன்னாடையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள். உடைந்த குழாயில் முன்பே சாக்கும் பழஞ்சேலையும் சுற்றிப் பார்த்திருந்தார்கள், எதுவும் தாங்கவில்லை. பொன்னாடை சுத்தமான நைலோன். மனிதத் தோளில் அதற்கு ஒரு பயனும் இல்லை, வியர்க்கும், வழுக்கும். குழாயில் இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டியதும் லயத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கலாராணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாசலில் குடம் நிறைந்திருந்தது.

இந்தச் செய்தி பணிமனைக்கு எட்டியதும் பணிப்பாளர் கண்ணைத் திறந்தார். மாகாணத்தில் முதன்முதலாக ஒரு முறைப்பாடு தீர்ந்திருக்கிறது. எப்படித் தீர்ந்தது? பொன்னாடையால். இனிமேல் சகல முறைப்பாடுகளையும் பொன்னாடை மூலம் நிவர்த்தி செய்யுமாறு சுற்றுநிருபம் பறந்தது. குழாய் திருத்துவதற்கென்று இருந்த ஒதுக்கீடு பொன்னாடைக் கொள்வனவுக்கு மாற்றப்பட்டது.

அதன் பிறகு மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. லுணுகலையிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாதை இல்லை, பாலம் இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை என்று முன்பு வந்தவர்கள், இப்போது தங்களுக்குப் பொன்னாடை இல்லை என்று வந்தார்கள். வேலாயியின் பக்கத்து லயத்துப் பொன்னையா, தானும் தன் லயத்து உடைந்த குழாய்க்குத்தான் முறைப்பாடு செய்ததாகவும், அவளுக்கு மட்டும் போர்த்தியது பாரபட்சம் என்றும் மனுக் கொடுத்தார். பொன்னையாவுக்கு மேடையில் போர்த்தினார்கள். அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அந்த லயத்தில் இன்னும் தண்ணீர் இல்லை, ஆனால் வருகிறவர்களிடம் அவர் காட்டுவதற்கு ஏதோ இருந்தது.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒருநாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலாயி வந்தாள். பத்மநாதன் கொம்பியூட்டரில் கண்ணாக இருந்தார். ராசா வரிசையில் ஓர் அடி நகர்ந்தது போல அவருக்குத் தெரிந்தது.

"ஐயா, பொன்னாட கிழிஞ்சு போச்சுங்க. தண்ணி மறுபடி நின்னு போச்சு. மருமவ கைப்புள்ளயோட பீலிக்கு எறங்குறா. இன்னொன்னு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

"ஒருவருக்கு ஒண்டுதானம்மா. சுற்றுநிருபத்தில அப்பிடித்தான் இருக்கு."

"கிழிஞ்சு போனா?"

பத்மநாதன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "பழைய பொன்னாடை கிழிஞ்சது உண்மைதான் எண்டு கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ. உங்கட முகவரியோட."