எருமை படுத்த இடம்

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தேடிய பதில் சுலபமாகக் கிடைத்துவிட்டால் அதைச் சந்தேகப்படத் தோன்றாது. ஊரெல்லாம் சொல்லத்தான் தோன்றும். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். பயிர் வைப்பதை விட்டுவிட்ட நிலத்தில் மண்ணின் சத்து தானாகத் திரும்புமா, திரும்பினால் எது முதலில் வரும் என்பதுதான் என் கேள்வி. அனகாபுத்தூரில், அடையாற்றங்கரையில், அமுதா அக்காவின் குடும்பம் கீரை போட்டுக்கொண்டிருந்த நிலம் வாகாக அமைந்தது. வெள்ளம் பாத்திகளை அடித்துப் போனபின் அதை அப்படியே விட்டிருந்தார்கள்.

ஒரு மத்தியான வெயிலில் போய் மண் எடுத்தேன். எங்கும் காய்ந்த கோரை. ஒரு மூலையில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று இருந்தது. ‘ஆகா, இயற்கை இங்கேதான் வேலையைத் தொடங்கியிருக்கிறது’ என்று எல்லா மண்ணையும் அங்கேயே எடுத்தேன். மேலே கிடந்த சருகு, குச்சி, வறட்டி மாதிரி ஏதோ ஒன்று, அத்தனையையும் முறைப்படி ஒதுக்கிவிட்டுத்தான் எடுத்தேன். (வறட்டி அங்கே எப்படி வந்தது என்று கேட்கிற அறிவு அன்றைக்கு லீவு.)

பரிசோதனை முடிவு வந்தது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏகத்துக்கு இருந்தது. அவ்வளவு சீக்கிரம் திரும்பாது என்று படித்திருந்த மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) அதையும் தூக்கிச் சாப்பிட்டது. துறைக் கருத்தரங்கில் ‘அதிசய மீட்சி’ என்று ஸ்லைடு போட்டேன். அமுதா அக்காவுக்கும் போன் செய்தேன். “அக்கா, உங்க நிலம் தங்கம்!”

“நேர்ல பாக்கணுமே” என்றார் என் பேராசிரியை. மறுநாள் காலையிலேயே வகுப்பு மொத்தமும் வேனில் ஏறியது. அக்கா கீரை விதைப் பொட்டலத்தோடு காத்திருந்தார்.

“இன்னாம்மா, அல்லாரையும் இட்டுகினு வந்துட்டே! எந்த எடம் தங்கம்?”

பெருமையோடு முன்னால் நடந்தேன். அதிசய மூலையில் எருமைகள் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

“இதுங்களை யாருக்கா இங்க கட்டினது?”

“நாங்கதாம்மா. தெனம் இங்கதான் படுத்துகினு கெடக்கும். மத்தியானம் மட்டும் ஆத்துப் பக்கம் ஓட்டிடுவோம்.”

ஒரு எருமை எழுந்து நின்று, வாலைத் தூக்கி, சத்து எங்கிருந்து வந்தது என்பதைச் செயல்முறையாகவே விளக்கியது. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள்கள் குலுங்கின. நான் ஆற்றில் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். (முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது.)

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ மிச்ச நிலத்துல சத்து கீதா, இல்லியா?”

அது எனக்கே தெரியாது. மறுபடி போய், எருமை படாத இடங்களில் மண் எடுத்தேன். கோரை வேர் மக்கி மக்கி, மண்ணில் மக்கிய உரம் கொஞ்சம் ஏறியிருந்தது. தழைச்சத்து மெல்லத் தலைகாட்டியது. மணிச்சத்து மட்டும் அசையவே இல்லை. ஏன் என்று நோண்ட நோண்ட, என் பொய் அதிசயத்தைவிட இதுதான் சுவாரசியமாக இருந்தது. அக்கா என் முடிவுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. எருமைகளை அடுத்த மூலைக்கு மாற்றிக் கட்டிவிட்டு, காலியான இடத்தில் விதையைத் தூவிவிட்டார். கீரை மண்டிக்கொண்டு வந்தது.

பிறகு எனக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று தரகர் அடுக்கிக்கொண்டே போனார். உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்:

“சார், நீங்க போய்ப் பாத்தது காலைலயா, மத்தியானமா?”

அந்தப் பையனைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது யாராவது வந்து, மேடவாக்கத்தில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லாத ஃப்ளாட் என்று ஆசை காட்டினால், என் கணவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.