லாரிக்குப் பின்னால் வரும் மாமன் சீர்

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை அருணகிரி அவர்கள் சமூகத்துக்கு, மல்லசமுத்திரம் மாதையன் அநேகம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சௌக்கியம், மாட்டுவண்டியின் தடைக்கட்டை நீங்கலாக. யாருமே நம்பாத கதையொன்றைச் சத்தியமாகச் சொல்லப் போகிறேன். படித்து முடிக்கும்வரை ஆசாரியை நிறுத்திவைத்து, உங்கள் மகள் உண்ணாமலையை வேறெவர் மடியிலும் உட்காரவைத்துக் காதுகுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளவும். தாய்மாமன் மடி வழியில் வந்துகொண்டிருக்கிறது.

மாடுகள் கோமாரியில் படுத்துவிட்டதால், சீர் ஏற்றிய வண்டியை அங்கமுத்துவின் லாரிக்குப் பின்னால் சங்கிலி போட்டுப் பிணைத்தோம். இறக்கத்தில் வண்டி லாரியை முட்டாமலிருக்க, தடைக்கட்டைக் கயிற்றை இழுத்துப் பிடிக்க வண்டிக்காரன் அம்மாசி வண்டியில் உட்கார்ந்தான். ஊர் எல்லை தாண்டியதுமே கட்டை சக்கரத்தைக் கவ்வியது, எழுந்த புகையைப் பார்த்துப் பள்ளிபாளையத்தில் மழையென்று காயப்போட்ட துணியையெல்லாம் எடுத்துவிட்டார்களாம், கட்டையை இழைத்தோம், கொஞ்சம் ஓடிவிட்டுக் கவ்வியது, ஒரு தாலுகாவுக்கே பேதியாகும் அளவு விளக்கெண்ணெய் ஊற்றினோம், கவ்வியது, கயிற்றை மாற்றி எலுமிச்சம்பழமும் நசுக்கினோம், அப்புறமும் கவ்வியது. அங்கமுத்து இறங்கி வந்து, "ஏனுங்க மாமா, மேட்டுலதான் புடிக்குது, பள்ளத்துல உட்டுருது. தலைகீழா அல்லங்க இருக்கோணும்?" என்றான்.

அது என்னைக் குடைந்தெடுத்தது. அடுத்த மேட்டில் கண்கொட்டாமல் பார்த்தேன். மேடேறியதும் பனைகளுக்கு மேலே திருச்செங்கோட்டு மலை தெரிந்தது. அம்மாசி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். நழுவாமலிருக்கக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தான். கேட்டால், "மலையக் கண்டுட்டுக் கும்புடாம எப்படிங்க போறது?" என்கிறான். அவனைப் பின்பக்கம் திருப்பி உட்காரவைத்தேன். அங்கே கஞ்சமலை தெரிந்தது.

இப்போது அவன் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டிருக்கிறோம். இதைக் கொண்டுவரும் சைக்கிள்காரருக்கு மோர் கொடுக்கவும். என் தங்கை கமலவேணியிடம், அழவேண்டாமென்று நான் சொன்னதாகச் சொல்லவும். குழந்தை காது நிறையத் தோடும் வாய் நிறையச் சிரிப்புமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மச்சான் மாதையன்

பி.கு.: அம்மாசி இதைப் படித்துக் காட்டச் சொன்னான். கேட்டுவிட்டு, "நானு லாரில, முன்னால அல்லங்க குந்தியிருந்தேன்?" என்கிறான். அங்கமுத்து வேறு சிரிக்கிறான். ஆகவே புகை, எண்ணெய், கஞ்சமலை எல்லாவற்றையும் அடித்துவிடவும். கயிறு சுற்றியிருந்தது என் கையில்தான். கமலவேணிக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று எத்தனையோ வருஷம் அந்த மலையைப் பார்த்துத் தூக்கிய கை, மாப்பிள்ளை. கண்டால் தன்னால் எழுகிறது. இனிக் கயிறு அம்மாசியிடம், நான் லாரியில். கும்பிட்டது மட்டும் நிஜம்.