உள்ளங்கை அண்ணாச்சியின் நாக்கு

எந்த வீட்டுச் சமையலையும் ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாமலே அறுபது வயதைத் தாண்டிய மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் உள்ளங்கை அண்ணாச்சி.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கயிறும் சாக்கும் விற்கிற கடை வைத்திருந்தார். மகன் தலையெடுத்ததும் கடையை அவனிடம் விட்டுவிட்டு, முழுநேரமாகத் தெருவைத் திருத்த வந்துவிட்டார். எந்த வீட்டில் விசேஷம் என்றாலும், நாலு விருந்தாளி வந்து குழம்பு கொஞ்சம் கூட வைத்தாலும், இறக்குவதற்கு முன்னால் அண்ணாச்சிக்கு ஆள் போகும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களை வாசல்வரை வருவார். வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார். கரண்டியிலிருந்து நாலு சொட்டு அதில் விழ வேண்டும். நக்கிவிட்டுக் கண்ணை மூடுவார். அவர் கண் திறக்கும்வரை சமைத்தவள் கரண்டியைக் கீழே வைக்கமாட்டாள்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், எல்லாம் எங்கள் சோம்பல்தான். விருந்தாளிக்கு வைப்பதை எச்சில் பண்ணக்கூடாது என்று தெருப் பெண்கள் யாரும் வாயில் வைத்துப் பார்க்கமாட்டோம். யாராவது ஒருவர் உப்புப் பார்க்க வேண்டும். வெட்டியாக இருந்தவர் இவர் ஒருவர்தான். சும்மா கிடந்த சங்கை நாங்களே ஊதிக் கெடுத்தோம்.

அவர் வாயிலிருந்து விழுந்த தீர்ப்புகளைத் தொகுத்தால் ஒரு தெருவே தூக்குப் போட்டுக்கொள்ளலாம். எதிர்வீட்டு டீச்சர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி வைப்பார். இந்த ஊர்ப் பிரியாணியைத் தின்னக் கார் போட்டுக்கொண்டு வெளியூரிலிருந்து வருகிறார்கள். டீச்சரின் கை அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அண்ணாச்சி ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "இது பிரியாணி இல்ல டீச்சர். கறிக்கொழம்புல சோறு தவறி விழுந்துட்டு" என்றார். டீச்சர் அந்த வருஷம் யாருக்கும் கேக் கொடுக்கவில்லை. விசைத்தறிக்காரர் புது வீட்டுப் பால்காய்ப்பில் வைத்த சாம்பாரைப் பற்றி, பருப்பு வெந்திருக்கிறது, ஆனால் மனசில்லாமல் வெந்திருக்கிறது என்று சொன்னார். பருப்பின் மனசு இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க ஆள் இல்லை.

இவ்வளவு பேசுகிறவர் சொந்த வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில் ரசத்தை ஏதோ குறை சொல்லியிருக்கிறார். அவர் மனைவி, நாங்கள் மதனி என்று கூப்பிடுகிறவர், கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடையநல்லூரில் அக்காள் வீட்டுக்குப் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தாராம். அன்றிலிருந்து அந்த வீட்டு அடுக்களையில் மட்டும் உள்ளங்கை நீளவில்லை. வீட்டில் எலி, வெளியில் புலி.

என் கதைக்கு வருகிறேன். நான் புளியங்குடிக்காரி. அப்பாவுக்கு எலுமிச்சங்காய் வியாபாரம். இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் புகுந்த வீட்டுச் சொந்தம் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். நான் சொதி வைத்தேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சொதி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தேங்காயை மூன்று தரம் பால் பிழிந்து, பின்பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவிட்டு, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அண்ணாச்சி நக்கினார், கண்ணை மூடினார், திறந்தார். "உப்பு கம்மி. புளிப்பு கூட. எலுமிச்சங்கா ஊர்க்காரிக்கு வேற என்ன தெரியும்?" என்று பதினோரு பேர் காதிலும் விழும்படி சொன்னார். அன்றைக்கு நான் அவருக்குக் கொடுத்த சாபம் பலித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அதற்குப் பிறகு பதினாலு வருஷம், என் வீட்டில் எதை வைத்தாலும் ஒரே தீர்ப்பு, உப்பு கம்மி. கடைசியில் ஒரு தடவை அள்ளிப் போட்டேன். அப்போதும் உப்பு கம்மி. என் வீட்டுக்காரர் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார். அவரிடம் கேட்டால், எனக்குக் கொஞ்சம் கரிப்பாகத்தான் தெரிகிறது, ஆனால் அண்ணாச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்பார். கட்டின பெண்டாட்டி கையையும் சொந்த நாக்கையும் நம்பாமல் கயிற்றுக் கடைக்காரரை நம்புகிற ஆண்களைப் பற்றி எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது.

இப்படி இருக்கும்போது போன வருஷம் என் நாத்தனாருக்குக் கல்யாணம் நடந்தது. மண்டபத்துச் சாப்பாட்டைச் சமையல்காரர் பார்த்துக்கொண்டார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் சொதிச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். கல்யாணச் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள், இதை மறக்கமாட்டார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும், அன்றைக்கு அவர்கள் வீட்டுச் சொதி இருந்த லட்சணம் என்று பெண்ணிடம் சொல்லிக் காட்டுகிற குடும்பங்கள் உண்டு. முப்பது பேருக்கு வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று என் மாமியார் முடிவு செய்தார். வைக்கவேண்டியது நான். கெட்டுப்போனால் காலத்துக்கும் பேச்சுக் கேட்கப்போவது என் நாத்தனார். புதுத் தாலியோடு அடுக்களை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்து, "மதனி, அவங்க அம்மைக்கு நாக்கு நீளமாம், பாத்துச் செய்ங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு முதல் பாலை ஊற்றி இறக்கினேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை. எனக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. அண்ணாச்சி வந்தார், உள்ளங்கையை நீட்டினார். விட்டேன். நக்கினார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

பதினாலு வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி, அண்ணாச்சியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அவரும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு முன்னறையில் போய்ச் சேரில் உட்கார்ந்துகொண்டார். அப்படி என்னதான் வைத்துவிட்டோம் என்று எனக்கே ஆசை வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் கரண்டியைச் சாய்த்து ஒரு வாய் குடித்தேன்.

உப்பே இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கல் கிடையாது. நான் போட்டிருப்பேன் என்று மாமியாரும், மாமியார் போட்டிருப்பார் என்று நானும் இருந்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் வேனில் புறப்பட்டுவிட்டதாகப் போன் வந்தது.

உப்பை வெந்நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டினேன். அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் பால் திரிந்து முப்பது பேர் சாப்பாடும் போய்விடும். கிண்டக் கிண்ட ஆத்திரம் தலைக்கு ஏறியது. தெரிந்தே செய்திருக்கிறார் மனிதர், சம்பந்தி வீட்டார் முன்னால் எங்களைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். பழிக்குப் பழியாக ஒரு தம்ளர் காப்பி போட்டு, சீனிக்குப் பதில் இரண்டு ஸ்பூன் தூளுப்பைப் போட்டுக் கலக்கி, நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். துப்பட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றேன்.

அண்ணாச்சி நிதானமாக ஆற்றிக் குடித்தார். முழுத் தம்ளரையும் குடித்தார். "டிக்காஷன் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம். சீனி சரி" என்றார்.

தம்ளரை வாங்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். இந்த மனிதருக்கு நாக்கே இல்லை. தெரு முழுக்க நடுங்கின அந்தத் தீர்ப்பெல்லாம் வெறும் வாய்ச்சவடால். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரே கூடியிருக்கும்போது போட்டு உடைத்துவிடவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பந்தி நடந்தது. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். மாப்பிள்ளையின் அம்மா, அந்த நீள நாக்குக்காரம்மா, இரண்டாம் தரம் சொதி கேட்டு வாங்கினார். என் நாத்தனார் அப்போதுதான் மூச்சு விட்டாள். மாப்பிள்ளையின் அப்பா, யார் வைத்தது என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி இலையிலிருந்து தலையைத் தூக்கி, "நாந்தான் உப்புப் பாத்தேன்" என்றார்.

சோற்று வாளியோடு நேர் எதிரே நின்றேன். ஒரு வார்த்தை போதும், மனிதர் அதோடு தெருவில் தலை காட்ட முடியாது. சொல்ல வாயெடுத்தபோதுதான் அவர் சாப்பிடுவதைக் கவனித்தேன். ஒவ்வொரு கவளத்துக்கும் பக்கத்து இலையில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா முகத்தைப் பார்த்தார். சம்பந்தி கண்ணை மூடி ரசித்தால் இவரும் மூடினார். அவர் தலையை ஆட்டினால் இவரும் ஆட்டினார். முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ போலாகிவிட்டது எனக்கு. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு நகர்ந்தேன்.

பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அடுக்களை வாசலுக்கு வந்தார். கையை நீட்டவில்லை.

"காப்பியில என்ன தாயி போட்ட?"

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"மொகத்தப் பாத்துத்தான பொழைக்கேன். தம்ளர வாங்கும்போது உன் மொகம் சரியில்ல."

கொரோனாக் காய்ச்சல் வந்தபோது போன ருசியாம். எல்லோருக்கும் திரும்பி வந்தது, இவருக்கு மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து பயந்த முகமாக இருந்தால் உப்பு கம்மி என்று சொல்வாராம், பயந்தவள் கை தாராளமாக உப்புப் போடாது என்பது அவர் கணக்கு. நிமிர்ந்து நின்றால் காரம் கூட. முக்கால்வாசி சரியாகவே இருந்துவிடுமாம். என்றைக்கும் நான் நடுங்கிக்கொண்டே நிற்பேன். அன்றைக்கு நடுங்கத் தெம்பில்லாததால் பாஸாகிவிட்டேன். வீட்டில் மதனிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரிஞ்சா, ருசி தெரியாதவருக்கு என்னத்துக்குக் கொழம்புன்னு கஞ்சிய ஊத்திருவா. வெளிய சொல்லிராத தாயி. உப்புப் பாக்கத் தெரியாதவன எந்த வீட்டுல கூப்பிடுவாவ?"

அவர் குரல் கம்மியிருந்தது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடுகிறவள் இல்லை நான். கொரோனாவுக்கு முன்னால் என் வீட்டுச் சமையலைப் பற்றி அத்தனை வருஷம் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"அது நெசமாவே உப்பு கம்மிதான்" என்றார்.

மனிதர் மாறுவாரா? இப்போது எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான், இனிமேல் நீங்களும்; எங்கள் தெருவில் யாரும் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அவர் உள்ளங்கையில் நாலு சொட்டு விடுவதற்கு முன்னால் நானே ருசி பார்த்துவிட்டு, அவர் காதில் விழும்படி முணுமுணுக்கிறேன். உப்பு அரைக் கரண்டி வேண்டும் என்று நான் சொன்னால், அவர் தெருவுக்கே கேட்கும்படி, "உப்பு கம்மி, புளியங்குடி" என்கிறார். போதாததற்கு, கொத்தமல்லியும் வாடல் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார். மற்ற வீடுகளுக்கும் கூடவே போகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வைத்த பிரியாணியை நான் பிரமாதம் என்று முணுமுணுத்தேன். "பரவாயில்ல" என்றார். அதற்கே டீச்சர் அழுதுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். நாத்தனாரும் மாப்பிள்ளையும் வருவார்கள், டீச்சர் ஒரு தூக்குவாளியில் ஏதாவது கொண்டுவருவார், எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்பார். முருங்கைக்காய் இளசு, தேங்காய்ப்பால் இனிப்பாக நாக்கில் நிற்கிறது, விழுங்கின பிறகு இஞ்சி உறைக்கிறது என்று சொல்வேன். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கவளத்தை எடுப்பார்.

உண்மையில் உப்புப் பார்க்க எனக்கு இவர் தேவையே இல்லை. உப்பும் வேண்டாம் புளியும் வேண்டாம், சும்மா சாப்பிட வாருங்கள் அண்ணாச்சி என்று ஒரு நாள் சொல்லிவிடலாம். சொன்னால் வரமாட்டார், அவ்வளவு தலைக்கனம். அதனால் வாராவாரம், குழம்பு இறக்குகிற நேரத்துக்குத் தவறாமல் ஆள் அனுப்புகிறேன். அவர் வராத ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்குவதில்லை.