மாப்பிள்ளையின் காருக்குக் கரண்டு ஊட்டிய விவரம்

சங்கரன்கோவில்,
14.8.1984

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை சுயம்புலிங்கம் அவர்களுக்கு, மாமனார் சங்கரசுப்பிரமணியன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை பிச்சம்மாளும் சங்கரலிங்க சுவாமி புண்ணியத்தில் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீங்களும் மகள் ஆவுடையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். கார் எங்களிடம் அல்லவா இருக்கிறது.

சித்திரையில் தாங்கள், எஞ்சினைக் கழற்றிய பழைய காரில் எட்டு லாரி பேட்டரியும் ஒரு மோட்டாரும் பூட்டி, அதை லாரியில் ஏற்றி வந்து எங்கள் வாசலில் இறக்கினீர்கள். "பெட்ரோலே வேண்டாம் மாமா, வீட்டுக் கரண்டு போதும். தினமும் சார்ஜ் போட்டு, எவ்வளவு தூரம் ஓடுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனீர்கள். தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடயரானவனிடம் நோட்டுப் போடச் சொன்னால் மாட்டேன் என்பானா? போட்டேன். முதல் வரி: "ஓடவில்லை. கரண்டு இல்லை." இரண்டாம் வரி: "மேற்படி."

கரண்டு வந்த நாளில் ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் சார்ஜ் போட்டேன். உடனே நடுவீட்டு பல்பு, அணையப்போகிற தீக்குச்சியின் நிறத்துக்கு வந்துவிட்டது. மின்விசிறியின் இறக்கைகளை உங்கள் அத்தை படுத்தபடியே எண்ணி, "மூணு இருக்கு" என்றாள். அதற்குள் எட்டுப் பவர்லூம் தறி ஓட்டுகிற பக்கத்து வீட்டுக் காசி வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, ஒங்க வண்டி கரண்டக் குடிக்கி, எந்தறி எட்டும் மூச்சு வாங்குது. ரெண்டுல ஒண்ணுதான் பொழைக்கும், பாத்துக்கிடுங்க" என்றான். அன்று முதல் அவன் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடுகிற நேரம் பார்த்துச் சார்ஜ் போட்டேன். காசி ரொம்ப வேகமாகச் சாப்பிடுகிறவன். விஷயம் தெரிந்து லயன்மேன் மூக்காண்டி வந்தார். "இது வீட்டுக் கரண்டா, தறிக் கரண்டா, பம்புசெட்டுக் கரண்டா?" என்றார். "காருக்கு வே" என்றேன். "காருக்குன்னு பாரத்துல கட்டமே இல்லையே அண்ணாச்சி" என்று வெகுநேரம் யோசித்து, கிரைண்டர் என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் மூன்று பெண்கள் ஊறப்போட்ட அரிசியோடு வந்து மாவாட்டித் தரச் சொன்னார்கள். அது போகட்டும். பேட்டரி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினேனா, ஆவுடை கல்யாணத்துக்கு எடுத்த என் பட்டு வேட்டியைக் கார் மேல் காயப்போட்டிருந்தாள் உங்கள் அத்தை; கை துடைக்கத் தோதாக இருந்தது. இப்போது அந்த வேட்டியில் மாவு சலிக்கலாம். ஆசிட் இருக்கிறது என்று தாங்கள் சொன்னீர்கள்தான். நான் மறந்துபோகும்படி சொன்னது உங்கள் தவறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் பஸ் ஸ்டிரைக் வந்தது. எதிர்வீட்டு ஞானபூரணத்தைத் தெரியுமல்லவா? சிறு வயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போய், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற பெண். பதினோரு வருஷமாக இன்டர்வியூவுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறாள். புளியங்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வரச்சொல்லிக் கடிதம். வயது வரம்பு தாண்ட ஒரே மாதம். வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவள் அழவில்லை, கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டு, "கெடக்கட்டும் அக்கா, நமக்கு இல்ல" என்றாள். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. உங்கள் அத்தை என்னைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன். அதில் அரைச் சார்ஜ்கூட இல்லை.

விடிந்ததும் ஒயரைச் செருகிவிட்டுக் காசி வீட்டு வாசலில் போய்த் தயங்கி நின்றேன். விஷயத்தைக் கேட்டவன் உள்ளே போனான். எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு தெருவில் இறங்கி, "ஏலே, தறிய நிறுத்துங்கலே! பூரணம் டீச்சர் வேலைக்குப் போறா!" என்று சத்தம் போட்டான். தெரு முழுக்கத் தறிச் சத்தம் அடங்கிற்று, மாப்பிள்ளை. எங்கள் தெருவில் காக்காய் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். எங்கள் வீட்டு பல்பு கண் கூசும்படி எரிந்தது.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். ஆபீஸ் ஜீப் ஓட்டிப் பழகிய கையாதலால் நானே ஓட்டினேன். ஹாரன் அடித்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பயந்து, உங்கள் அத்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். வழியில் ஊர்க்காரர்கள் ஓடி வந்து, "எந்தக் கட்சி?" என்று கேட்டார்கள். "டீச்சர் கட்சி" என்றாள். புளியங்குடிக்கு ஒரு மைல் இருக்கையில் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் இறங்கித் தள்ளினோம். "நானும் எறங்கி நடக்கேன் அண்ணாச்சி, பாரம் கொறையும்" என்றாள் பூரணம். "ஏட்டி, நீ எறங்கிட்டா நாங்க எதுக்குட்டி இதத் தள்ளணும்?" என்று அத்தை அதட்டினாள். எலுமிச்சை மூட்டையோடு பின்னால் வந்த வண்டிக்காரர் தங்கப்பழம் என்பவர் பார்த்துவிட்டு, தம் மாடுகளை அவிழ்த்துக் காரின் முன்னால் கயிறு போட்டுக் கட்டினார். பதினொன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில், ஜோடி மாடு இழுத்த காரிலிருந்து பூரணம் இறங்கினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஹெட்மாஸ்டரே வெளியே வந்து பார்த்தார்.

திரும்பி வரச் சார்ஜ் வேண்டுமே. எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் செருகினேன். பியூஸ் போய் ஏல மைக் நின்றது. ஏலம் கூறியவர் சாயங்காலம் வரை வெறும் தொண்டையில் கத்தினார். பிறகு எங்களிடம் சைகையில்தான் பேசினார். நல்லவேளை, சைகை முழுவதும் எனக்குப் புரியவில்லை.

நேற்று பூரணத்துக்கு வேலை ஆர்டர் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்று, அப்போதுதான் அழுதாள்.

அது வேறு, என் இடுப்பு வேறு. மாடு வருமுன் தள்ளிய அரை பர்லாங்கில் பிடித்தது இன்னும் விடவில்லை. ஆகவே இக்கடிதம் கண்ட ஒரு வாரத்துக்குள் தாங்கள் லாரியோடு வந்து காரை எடுத்துப் போக வேண்டியது. தவறினால் அதற்குள் கன்றுக்குட்டியைக் கட்டுவேன். இதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

உங்களுக்கும் ஆவுடைக்கும் கோமதி அம்மன் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். பேட்டரி நீங்கலாக மற்ற விஷயங்களில் தங்கள் மூளை மென்மேலும் பிரகாசிக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா,
சங்கரசுப்பிரமணியன்

பின்குறிப்பு: லாரி அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டக் கொடுத்தேன். உங்கள் அத்தை படித்துவிட்டுக் கார்ச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நாப்பது வருஷமா ஒங்க பின்னாலயே நடந்தேன். பக்கத்துல ஒக்காந்து ஊரப் பாத்தது அன்னிக்கு ஒருநாள்தான்" என்றாள். ஆகவே திங்கட்கிழமை குற்றாலம் புறப்படுகிறோம். போய்ச்சேர மூன்று நாளாகும் என்று நினைக்கிறேன். கடையநல்லூர், தென்காசிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கார்டு போட்டாயிற்று: "வருகிறோம். சமையல் வேண்டாம். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து வைக்கவும்."