இருபத்து மூன்று வட்டங்கள்

ஒரு படகைச் சீரமைக்க மரம் வேண்டாம், ரெசின் வேண்டாம், ஏகமனதான தீர்மானம் ஒன்று இருந்தால் போதும் என்று உலகுக்கு முதன்முதலில் நிரூபித்துக் காட்டியது எங்கள் ஏரிப் பாதுகாப்பு அலுவலகம்தான். அந்தச் சாதனையில் எனக்கும் பங்கு உண்டு. கூச்சத்தினால் இதுவரை சொல்லவில்லை.

எங்களிடம் ஒரு மீட்புப் படகு இருந்தது. ஃபைபர் படகு, வயது இருபத்தெட்டு. இரண்டு வருடமாகக் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. அதை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். படகு படுத்த நாளிலிருந்து அவருக்கு ஸ்டோரில் கயிறு சுற்றி வைக்கும் வேலை. படகு ஓடாத அலுவலகத்தில் படகோட்டி எதற்கு, அந்தப் பதவியை நீக்கிவிடலாமா என்று மேலிடம் கேட்டு எழுதியது. பதில் எழுதுவதைவிடப் படகை ஓட்டிக் காட்டுவது சுலபம் என்று இயக்குநர் முடிவு செய்தார். விழா நாளும் குறித்தார். உடனே ஒரு சீரமைப்புக் குழு பிறந்தது. மொத்தம் பத்துப் பேர். பத்தாவது நான். வேதியியல் படித்திருந்ததால் 'தொழில்நுட்ப உறுப்பினர்'. மற்ற ஒன்பது பேருக்கும் அந்தக் குறை இல்லை.

ஃபைபர் படகின் நோய் வெளியே தெரியாது. எஞ்ஜினைத் தாங்குவது பின்பலகை. அதற்கு உள்ளே பிளைவுட், மேலே ஃபைபர் தோல். தோலில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் மரம் ஊறி அழுகிவிடும். தோல் மட்டும் வழவழவென்றே இருக்கும். இந்தக் குணத்தாலோ என்னவோ, எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தப் படகின் மேல் தனிப் பாசம்.

மாமாவும் நானும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் படகு முழுக்கத் தட்டிப் பார்த்தோம். நல்ல இடம் 'டக்' என்றது. கெட்டுப்போன இடம் 'பொத்' என்றது. பொத் என்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அடிப்பாகத்தில் எட்டு, பின்பலகையில் பதினைந்து. மாமா ஒரு வட்டத்துக்குள் துளை போட்டார். கொதித்து முடிந்த தேயிலைத் தூள் மாதிரி ஈரமாக ஏதோ வந்தது.

"இது மரமா?" என்றார்.

"மரமா இருந்தது மாமா. பின்பலகையை உள்பக்கமா அறுத்து எல்லாத்தையும் எடுக்கணும். காயவச்சு, புதுப் பலகை வச்சு, மேல ஃபைபர் போடணும். ஒரு மாசமாவது ஆகும்."

"விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு, விஞ்ஞானி."

மறுநாள் குழு கொட்டகைக்கு வந்தது. இயக்குநர் படகைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி?"

"வட்டத்துக்குள்ள கெட்டுப்போயிருக்கு சார்."

"மொத்தம் எத்தனை?"

"இருபத்து மூணு."

"வட்டத்துக்கு வெளியில?"

"அது... பரவாயில்ல சார்."

"அப்ப பெரும்பகுதி நல்லா இருக்கு. அதை முதல் பாராவுல எழுதுங்க." பிறகு சூப்பரின்டெண்ட் பக்கம் திரும்பினார். "ஒரு வாரத்துல இந்த இருபத்து மூணும் பூஜ்யமாகணும். தினமும் சாயங்காலம் எனக்கு எண்ணிக்கை வரணும்."

இப்படித்தான் 'வட்டக் குறைப்பு இயக்கம்' தொடங்கியது. சூப்பரின்டெண்ட் ஒரு பெயிண்டரை அழைத்து வந்தார். பெயிண்டர் ஈரத்துணியால் வட்டத்தைத் துடைத்தார், பட்டி பார்த்தார், உப்புத்தாள் தேய்த்தார், நீலம் அடித்தார். முதல் நாளே ஆறு வட்டங்கள் 'சரிசெய்யப்பட்டன'.

மூன்றாம் நாள் பெயிண்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சார், இந்த இடத்துல அமுக்கினா உள்ள போகுது."

"அமுக்காதீங்க" என்றார் சூப்பரின்டெண்ட்.

வட்டங்கள் குறைவதை வரைபடமாகப் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. போட்டேன். இருபத்து மூன்றிலிருந்து பூஜ்யத்துக்கு ஒரே நேர்கோடு. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் எந்தச் சோதனையிலும் எனக்கு அவ்வளவு நேரான கோடு வந்ததில்லை. இயக்குநர் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

அன்று மாமா ஸ்டோர் வாசலில் என்னை நிறுத்தினார்.

"உண்மையைச் சொல்லு. எஞ்ஜினைத் தாங்குமா?"

"தாங்காது மாமா."

"அங்க சொன்னியா?"

"எழுதியிருக்கேன். இணைப்பு நாலு."

"இணைப்பை யாரு படிப்பா? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வரல மாமா."

"உங்க அக்காகிட்ட என்னைப் போட்டுக்கொடுக்க மட்டும் நல்லா வருது." கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஓட்ட மாட்டேன்னு நான் சொன்னா, அதையே காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ சொன்னா தேதியைத் தள்ளுவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

கடைசிக் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மொத்தம் நான்கே வார்த்தைகள். 'பின்பலகை எஞ்ஜினைத் தாங்காது சார்.'

"யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று இயக்குநர் கேட்டார்.

கையைத் தூக்கினேன். அது காதுவரை போய் நின்றுவிட்டது. பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒன்பது பேர் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். சூப்பரின்டெண்ட் அன்போடு தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். நான் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள், படகு 'பயணத்துக்கு முழுத் தகுதி' பெற்றதாக ஏகமனதாக நிறைவேறியிருந்தது.

விழா நாளில் படகு புது மணப்பெண் மாதிரி இருந்தது. பாதுகாப்பில் எங்கள் அலுவலகம் காட்டும் அக்கறையைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு புதிய உயிர்காப்பு உடைகள் வந்திருந்தன. குழுவினர் பத்துப் பேர், சிறப்பு விருந்தினர் ஒருவர், படகோட்டி ஒருவர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தூறல் விழுந்தது. பன்னிரண்டாவதை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போர்த்தினார்கள்.

"படகோட்டிக்கு?" என்று பெயிண்டர் கேட்டார்.

"அவருக்கு நீச்சல் தெரியும்" என்றார் சூப்பரின்டெண்ட். "பெட்டிக்குத் தெரியாது."

மாமா தனியாகப் படகில் ஏறினார். நாங்கள் பதினோரு பேரும் கரைச் சிமென்ட் படியில் ஆரஞ்சு நிறத்தில் வரிசையாக நின்றோம். புகைப்படக்காரர் எங்களை நெருங்கி நிற்கச் சொன்னார். என் உடையைக் கழற்றி மாமாவிடம் எறிய வேண்டும் என்று நினைத்தேன். நடு வரிசையில் நின்றிருந்தேன். நகர்ந்தால் நாலு பேருக்கு இடைஞ்சல்.

மாமா மெதுவாகத்தான் ஓட்டினார். படகு அழகாகப் போயிற்று. சிறப்பு விருந்தினர், "இவ்வளவுதானா?" என்றார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"வேகம். இன்னும் வேகம்."

எஞ்ஜின் உறுமியது. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. 'பொத்' என்று ஒன்றுதான். பின்பலகையைக் கழற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டு எஞ்ஜின் தண்ணீருக்குள் இறங்கியது. படகு பின்பக்கமாக உட்கார்ந்தது. மாமாவைக் காணவில்லை. புகைப்படக்காரர் மட்டும் கேமராவைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார். நான் உடையின் கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தேன். அது மிக நல்ல கொக்கி.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தலைகள் தெரிந்தன. மாமா படியேறி வந்து குப்புறப் படுத்து, வெகு நேரம் இருமினார்.

அறிக்கையை மறுநாள் நான்தான் எழுதினேன். இயக்குநர் சொல்லச் சொல்ல எழுதுவது எனக்குச் சிரமமில்லை. அலுவலகத்தில் அதைப் பெரிதும் பாராட்டினார்கள். சாயங்காலம் அக்கா கேட்டதற்காக வீட்டில் படித்துக் காட்டினேன். மாமா உள்ளே காய்ச்சலில் படுத்திருந்தார். அக்கா அவருடைய சீருடையைப் பிழிந்துகொண்டிருக்க, நான் படித்தேன்.

"'ஒன்று: உயிர்காப்பு உடை அணிந்திருந்த பதினோரு பேரும் எவ்விதக் காயமுமின்றிப் பத்திரமாக உள்ளனர். இரண்டு: தற்போது படகு இல்லாததால், படகோட்டி பதவியின் தேவை குறித்து மேலிடம் பரிசீலிக்கலாம்.'"

அக்கா சீருடையை உதறிக் கொடியில் போட்டாள். சட்டையின் சுருக்கத்தை நீவி விட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினோரு பேரும் பத்திரமா தப்பிச்சுட்டீங்களாக்கும். எதுல இருந்துடி?"